லிங்கித் தோட்டங்களில் படியரிசி

படிக்காசு என்னும் சொல்லைத் தமிழாசிரியர்கள் திருவீழிமிழலையோடு சேர்த்தே நினைப்பர். பஞ்சம் நேர்ந்த காலத்தில் அவ்வூரில் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது என்றும், அதனைக் கொண்டு இருவரும் தத்தம் திருமடத்தில் அடியார்க்கு அமுதளித்தனர் என்றும் பெரியபுராணம் கூறும். நாவுக்கரசர் மடத்தில் உணவு உரிய வேளையில் ஆயிற்று. சம்பந்தர் மடத்திலோ காலந்தாழ்ந்தது. காரணம் யாதென வினவியபோது, அவர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வாசி, அதாவது வட்டம், கேட்கின்றனர் என்று தெரியவந்தது. கிடைத்த உதவி இரு மடங்களுக்கும் ஒன்றே. அது சோறாக மாறிய வகைதான் வேறாயிற்று.

புராணச் செய்தி ஒருபுறம் இருக்க, உணவுதவியின் வரலாற்றை ஆராய்வார்க்கு அது ஒரு நல்ல கேள்வியைத் தருகிறது. அளந்து கொடுத்தது எவ்வளவு என்பதை ஏடுகள் சொல்லும். அடுப்பில் ஏறி, குடும்பத்தார் அனைவர் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? இக்கேள்வியை மலாயா நாட்டுத் தோட்டத் தமிழரிடையே, அதிலும் நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றை அடுத்த ரப்பர்த் தோட்டங்களை நடுவாக வைத்துக் கேட்டால், அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு விரிகின்றது.

'படி' என்ற சொல்லையும் இங்கே நோக்க வேண்டும். அது முகத்தலளவைக் கருவியின் பெயர். அக்கருவியால் நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவுக்கும் அதுவே பெயராயிற்று. கோயில்களில் நாள்வழிபாட்டுக்குரிய அரிசி முதலியவற்றின் திட்டம் படித்தரம் எனப்பட்டது. உழவர் வீட்டில் கூலியாளுக்கு நெல் அளப்பது படியளத்தல். இக்காலத்துப் பயணப்படியும் அகவிலைப்படியும் அதன் வழிவந்தவையே. காவிரிக் கரையிலும் பாலாற்றுப் பக்கத்திலும் நெல்லைக் கூலியாகப் பெற்றுப் பழகிய மக்களே மலாயாத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் சென்றனர். எனவே தோட்டத்தில் அரிசி அளந்தபோது அவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. ஆயினும் இரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு இருந்தது. ஊரில் அளந்த நெல் கூலி. தோட்டத்தில் அளந்த அரிசி பெரும்பாலும் கடன். சம்பள நாளில் அதன் விலை கழிக்கப்பட்டது.

லிங்கி ஆறு சிரம்பான் பக்கத்து மலைகளில் தோன்றி, சிம்பாங் லிங்கியில் ரெம்பாவ் ஆற்றைக் கூட்டிக்கொண்டு, மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லையாய் ஓடி நீரிணையில் கலக்கிறது. ஆற்றை அடுத்துள்ள பெங்காலான் கெம்பாஸில் 1467-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருப்பது வரலாற்றுப் பயணிகள் அறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் சுரங்கங்களின் ஈயம் இவ்வாற்று வழியாகக் கீழே இறங்கியது. சுரங்கத்தார்க்கு வேண்டிய அரிசி மேலே ஏறியது. ஆற்றில் சுங்கம் தண்டுவது பற்றி எழுந்த பூசல்களும் சேர்ந்தே 1874-இல் ஆங்கிலேயர் தலையீட்டுக்கு வழிவகுத்தன. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டதும் ஆற்றுவழி வாணிகம் தேய்ந்தது. அதன்பின் காப்பியும், காப்பி வீழ்ந்தபின் ரப்பரும் இப்பகுதியைப் பற்றிக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிங்கியின் பெயராலேயே இங்கிலாந்தில் ஒரு ரப்பர்க் கம்பெனி நடந்தது.

காட்டை அழித்து ரப்பர் நட்ட நிலத்தில் நெல் விளையவில்லை. பள்ளத்தாக்குகளில் மலாய்க்குடியினர் நஞ்சை உழுதது உண்மையே. ஆனால் அது அவர்கள் வீட்டுக்கே சரியாயிற்று. தோட்டத்து அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளிநாட்டிலிருந்தே வாங்கியது. பால்மரம் வெட்டுவோன் ஒருவனின் சோற்றுப்பானை ரங்கூன் துறைமுகத்தோடு கட்டுண்டு கிடந்தது என்றால் மிகையாகாது.

புழுங்கலரிசி செய்த உதவி

அளவைவிட அரிசியின் வகையே முதன்மையானது என்று உலகுக்கு அறிவித்த இடங்களுள் நெகிரி செம்பிலானும் ஒன்று. இதனை நம்மவர் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை.

அக்காலத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால் மரத்துப்போகும்; உடல் வீங்கும்; இதயம் தளர்ந்து மனிதன் வீழ்வான். சிரம்பானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பார் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளரை இந்நோய் வாட்டியது. தோட்டத் தமிழரையோ அது பெரிதும் தீண்டவில்லை. வீட்டிலேயே நெல் குத்திச் சமைத்த மலாய்க்காரரும் தப்பினர். மூவரும் ஒரே நாட்டில், ஒரே மழையில் வாழ்ந்தவர்கள். வேறுபட்டது அரிசியே. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது அவித்து உலர்த்திய புழுங்கல். பிராடன் தம் முடிவுகளை 1907-இல் நூலாக வெளியிட்டார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது பிழை. நோய்க்கும் அரிசிக்கும் அவர் கண்ட தொடர்பு மட்டும் பிழையன்று.

அதே 1907-ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் டுரியான் டிப்புஸ் என்னுமிடத்தில் சாலை போட வந்திருந்த ஏறத்தாழ முந்நூறு ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தனர். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் பிரிவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. தவிட்டில் உள்ள ஒரு சத்து தீட்டும்போது போய்விடுகிறது என்பதும், நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. வைட்டமின் என்ற பெயர் 1912-இல்தான் பிறந்தது. (மனிதரை அவரறியாமலே இவ்வாறு சோதிப்பதை இக்கால மருத்துவ அறம் ஒப்பாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

தமிழ்ப் பெண்டிர் இவ்வாராய்ச்சியை அறிந்து புழுங்கலைத் தேர்ந்தவர் அல்லர். தஞ்சையிலும் ஆர்க்காட்டிலும் உண்ட அரிசியையே கேட்டனர். தோட்ட நிருவாகங்களும் கூலிக்காரர் விரும்பும் அரிசியை வாங்கி வைப்பதில் தங்கட்கும் நலன் உண்டென்று கண்டன. எனினும் அடுக்களையில் அவர்கள் கையாண்ட முறைகள் அரிசியின் பயனை மேலும் காத்தன. சோற்றை வடித்த கஞ்சி வீணாகவில்லை. உப்பிட்டுக் குழந்தைக்கும் கருவுற்றவளுக்கும் அது கொடுக்கப்பட்டது. மிஞ்சிய சோறு நீரில் கிடந்து மறுநாள் பழையதாயிற்று. நீராகாரம் விடியற்காலையில் வெட்டுக்குப் போவோரின் முதல் உணவாயிற்று. நீரில் கரையக்கூடிய அச்சத்து வடிகஞ்சியோடு சாக்கடைக்குப் போகாமல் வயிற்றுக்கே போனது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதும் கஞ்சியைக் கொட்டுவதும் நாகரிகம் என்று எண்ணத் தலைப்பட்ட பிற்காலத்தார், முன்னோர் வறுமையால் அப்படிச் செய்தனர் என்று மட்டும் நினைத்தது அரைகுறை அறிவேயாகும்.

தலைக்கணக்கும் அடுப்புக்கணக்கும்

இனி அளவுக்கு வருவோம். தோட்டத்தில் அரிசியைக் காந்தாங் என்னும் மலாய் அளவையால் அளந்தனர்; நான்கு சுப்பாக்கு கொண்டது ஒரு காந்தாங். நிறுக்கும்போது கட்டி, அஃது ஏறக்குறைய அறுநூறு கிராம். இவை நம் படி, நாழி, வீசை ஆகியவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அரிசி போடும் நாள் என்பது தோட்டத்தில் சம்பள நாளுக்கு அடுத்த பெருநாள். லயத்துப் பெண்கள் பையும் சுளகும் கொண்டு கிடங்கின் முன் காத்திருப்பர். கிராணி ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்.

அந்த ஏட்டில் இருந்தவை வேலைக்காரர் பெயர்கள், குடும்பங்கள் அல்ல. தோட்ட ஆட்சி முழுவதுமே தலைக்கணக்கில் அமைந்தது. கங்காணிக்கு, அவன் கொண்டுவந்த ஆள் ஒருவன் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு காசு வீதம் கொடுக்கப்பட்டது. சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டு, 1913-க்குள் கடைசி ஒப்பந்தங்களும் முடிந்தபின், ஆள்சேர்ப்புச் செலவை 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. பழைய கடன்சுமை குறைந்தது. கணக்கு முறை மட்டும் மாறவில்லை. 1920-களின் இறுதியில் முக்கிய ரப்பர் வட்டாரங்களுக்கு நாட்கூலி வரையறுக்கப்பட்டபோது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முடிவாயிற்று. வீட்டில் கணவனும் மனைவியும் வெட்டுக்குப் போவர், வளர்ந்த பிள்ளை களை பிடுங்கும், ஆகவே ஒரு குடும்பத்துக்குப் பல வருவாய் உண்டு என்பது முதலாளிமார் வாதம். அந்த வாதத்தில் கைக்குழந்தைக்கும், பிள்ளை பெற்று வேலைக்குப் போகாது கிடப்பவளுக்கும், கண் மங்கிய கிழவனுக்கும் இடம் எங்கே?

அவர்கட்கு இடம் அடுப்பில்தான் இருந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் அளந்த அரிசி ஒரே பானைக்குள் விழுந்தபின் ஐந்து பேருக்கு, ஆறு பேருக்குப் பிரிந்தது. தமிழ்நாட்டு வழக்கமான பிடியரிசி அங்கும் தொடர்ந்தது. ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு வைப்பதே அது. மாதக் கடைசியில் அந்தப் பானையே கிடங்கு. அடுத்த லயத்தாரிடம் கைமாற்றாக வாங்கிய அரிசியை அதே குவளையால் தலைதட்டித் திருப்புவதில் பெண்கள் காட்டிய கண்டிப்பு, கிராணியின் கணக்குக்குச் சற்றும் குறைந்ததன்று. ஏட்டில் எழுதப்படாத இந்தக் கணக்கே குடும்பங்களைக் காத்தது. சம்பளத்தில் அரிசிக் கடன் போக மிஞ்சியதைக் கள்ளுக்கடையில் விடும் ஆண் இருந்த வீட்டில் இக்கணக்கும் தோற்றது. அதனை மறைப்பதில் பயனில்லை.

அரிசியோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றோர் உதவி நிலம். தொழிற்சட்டம் குடும்பமுள்ள தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவும் ஆடுமாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட். ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களும் அதனை முழுமையாகக் கொடுத்தன என்று சொல்ல இயலாது. கொடுத்த நிலமும் லயத்துக்குத் தொலைவில், சதுப்பில் அமைவதுண்டு. ஆயினும் கிடைத்த இடத்தில் முருங்கையும் கீரையும் கத்தரியும் மரவள்ளியும் எழுந்தன. வெறுஞ்சோற்றை உணவாக்கியவை அவையே. முருங்கை ஒன்று வாசலில் நின்றால் ஒரு குடும்பத்தின் குழந்தைகளுக்கு அது செய்யும் உதவி சிறிதன்று. பசு வைத்திருந்தவர்கள் பாலைக் கிராணி வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் விற்று, அக்காசால் பருப்பும் எண்ணெயும் வாங்கினர்.

விலை ஏறிய காலமும் கூலி இறங்கிய காலமும்

முதல் உலகப்போரின் இறுதியில் அரிசிக்கு நேர்ந்த முடை முதற்சோதனை. 1918-இல் இந்தியாவில் மழை பொய்த்தது; பர்மா அரிசியின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது; 1919-இல் சயாமும் ஏற்றுமதியைத் தடுத்தது. மலாயா அரசாங்கங்கள் வெளியில் மிகுந்த விலைக்கு வாங்கிய அரிசியை உள்ளே குறைந்த விலைக்கு விற்றுப் பெருநட்டம் அடைந்தன. தோட்டங்களும் தொழிலாளருக்கு அடக்கவிலைக்குக் கீழே அரிசி கொடுக்க நேர்ந்தது. கடனாக இருந்த அரிசி ஓரளவேனும் உதவியாக மாறியது அப்போதுதான். உணவுப்பயிர் இடுமாறு தோட்டங்கள் வற்புறுத்தப்பட்டன. முடை நீங்கியதும் அப்பேச்சும் நீங்கியது. ரப்பர் விலை உயர்ந்தால் மரவள்ளியை யார் நினைப்பார்?

1930-க்குப் பின் வந்த மந்தம் வேறு வகையானது. அரிசி மலிவு; கையில்தான் காசில்லை. கூலி அரையளவை நோக்கி இறங்கியது. பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50 காசு, 40 காசுக் கூலியை மீண்டும் தர வேண்டுமென்று பரிந்துரைத்தார். அது மீண்டது, மறு ஆண்டே மறுபடியும் குறைந்தது. இந்திய அரசு 1938-இல் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதுமுதல் தோட்டத்துத் தமிழ்க்குடும்பம் வந்துபோகும் குடும்பமாக இல்லாமல் அங்கேயே வேரூன்றும் குடும்பமாயிற்று. கூலிக் கணக்கு எழுதியவர்கள் இதனை உணர நெடுங்காலம் ஆயிற்று.

ஆண் இல்லாத வீடு

1942 பிப்ரவரிக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. ரப்பருக்கு வாங்குவார் இல்லை. அரிசிக் கப்பல்கள் அருகின. இக்காலத்தில்தான் தலைக்கணக்கு தன் முழுக் கொடுமையையும் காட்டியது.

சிங்கப்பூர் நகரில் 1944-இல் பங்கீட்டு அரிசி மாதத்துக்கு ஆணுக்கு 8 கட்டி, பெண்ணுக்கு 6 கட்டி, குழந்தைக்கு 4 கட்டி என்று குறைக்கப்பட்டது. தோட்டங்களில் இந்த அளவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒப்பீட்டுக்காக அதையே ஒரு வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 22 கட்டி. அதாவது பதின்மூன்று கிலோவுக்குச் சிறிது கூடுதல். நாளொன்றுக்கு நால்வருக்கும் சேர்த்து அரைக்கிலோவுக்கும் குறைவு. கணவன் பெயர் ஏட்டிலிருந்து நீங்கினால் எஞ்சுவது 14 கட்டி, எட்டரைக் கிலோ.

கணவன் பெயர் நீங்குவது அப்போது அரிய நிகழ்ச்சியன்று. 1943-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். தொடக்கத்தில் நல்ல கூலியும் உணவும் உண்டென்று ஆசை காட்டினர். பின்னர்ப் பிடித்துக்கொண்டே போயினர். மலாயாவிலிருந்து சென்றவர் ஏறத்தாழ 78,000 பேர் என்றும், அவருள் இறந்தோர் 29,000-க்கு மேல் என்றும் போருக்குப்பின் எடுத்த கணக்கு கூறும். இறந்தோர் தொகை அதனினும் பெரிது என்று கருதுவோர் பலர். சென்றவருள் மிகப்பெரும்பாலோர் தமிழர். அரிசி ஏறி வந்த சயாம் நாட்டின் திசையிலேயே அவர்களும் வண்டியேறிப் போனார்கள்.

லயத்தில் எஞ்சியோர் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும். முன்பு ஆறேகால் சென்டில் நடந்த பயிர் இப்போது ரப்பர் மரங்களை வெட்டிய இடங்களுக்கும் பரவியது. மலாய்க்காரர் ஊபி என்னும் மரவள்ளி தமிழ் வீட்டின் முதல் உணவாயிற்று. வேகவைத்தும், உலர்த்தி மாவாக்கிக் களி கிண்டியும் உண்டனர். கேழ்வரகு விதைத்தனர். கேழ்வரகை அறியாத நாட்டில் அதனைப் பயிரிடும் கைமுறை தமிழரிடம் இருந்தது ஒரு நற்பேறு. பங்கீட்டில் வந்த சிறிதளவு அரிசி சோறாகப் பொங்கப்படாமல், கிழங்கோடு கூடிக் கஞ்சியாயிற்று. நோயாளிக்கும் சிறுகுழந்தைக்கும் முதலில் ஊற்றிவிட்டு மற்றவர் கிழங்கை உண்டனர். மரவள்ளி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. கால்வீக்கமும் ஆறாப்புண்ணும் மலேரியாவும் லயம் லயமாய்ப் பரவின. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் தமிழரைத் தொடாமல் சென்ற பெரிபெரியும் இப்போது அவர்கள் வாசலுக்கு வந்தது. புழுங்கலரிசி கைவிட்டுப் போன இடத்தில் அடுக்களைத் திறமை மட்டும் என்ன செய்யும்?

வாயிற் சோதனையும் வடித்த சோறும்

1945-இல் ஆங்கிலேயர் திரும்பியும் அரிசி திரும்பவில்லை. உலகெங்கும் முடை, பர்மாவின் வயல்கள் பாழ்பட்டுக் கிடந்தன. பங்கீட்டு அட்டை தொடர்ந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மாவைக் கொண்டு நிரப்பினர். சோற்றுக்கே பழகிய வீடுகளில் ரொட்டி தட்டும் பழக்கம் வேரூன்றியது இக்காலத்தில் எனலாம். கூலியும் அரிசியும் ஒன்றாகப் பேசப்பட வேண்டியவை என்ற எண்ணம் தொழிலாளரிடையே வலுப்பெற்றது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தொண்டாற்றத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் தலைவர்களுள் முதல்வரானார்.

இதற்கிடையில் 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதே அரசின் பெரிய ஆயுதமாயிற்று. 1951-முதல் உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. சிதறிக் கிடந்த லயங்கள் கம்பிவேலிக்குள் கொண்டுவரப்பட்டன. விடியுமுன் வேலி வாயிலில் ஒவ்வொருவரையும் சோதித்தே வெட்டுக்கு விட்டனர். உணவு எதுவும் எடுத்துச் செல்லக் கூடாது. கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். நெடுநாள் வைத்திருக்க இயலாமல் செய்வதே நோக்கம். வெட்டுக்காரரின் கட்டுச்சோறு இவ்வாறு பறிபோனது. இருட்டில் உண்டு புறப்பட்டவர், மரம் வெட்டிப் பாலெடுத்துக் கொட்டகையில் ஊற்றி வீடு திரும்பும்வரை வெறும் வயிற்றோடு இருந்தனர். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச்சென்ற தாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

மலாயாவின் சில பகுதிகளில் இதற்கும் ஒருபடி மேலே சென்று, அரிசியாகக் கொடுக்காமல் பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறாகவே பங்கிட்டனர். வடித்த சோறு விரைவில் கெட்டுவிடும், ஆதலால் காட்டுக்குக் கடத்த உதவாது என்பது அதிகாரிகள் எண்ணம். மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாளுக்கு வைக்கும் வழக்கத்தைத் தமிழ் வீட்டில் எவரும் அவர்கட்குச் சொன்னதாகத் தெரியவில்லை! சோறாகக் கிடைத்தபோது எடை குறையவில்லை என்றே ஏடு காட்டும். ஆனால் வடிகஞ்சி இல்லை, மாவரைக்க அரிசி இல்லை, பிடியரிசிப் பானைக்கு வேலை இல்லை. குழந்தைக்குக் குழையவும் முதியவருக்கு நெகிழவும் ஆக்கும் உரிமை தாயிடமிருந்து போயிற்று. மேலே சொன்ன வாசி என்பது இத்தகைய இழப்பே.

அவசரகாலம் 1960-இல் முடிந்தது. அதற்கு முன்பே அரிசிப் பங்கீடு நீங்கியிருந்தது.

அடுப்பை அலகாக

உலகின் பிற இடங்களிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவில் 1939-இல் ராச்செஸ்டர் நகரில் முதன்முதல் உணவு முத்திரைகள் வழங்கியபோது, தம் வழக்கமான உணவுச் செலவுக்கு ஆரஞ்சு நிற முத்திரை வாங்கிய ஏழைகளுக்கு, மிகை விளைபொருள்களைப் பெறும் நீல முத்திரை இலவசமாகச் சேர்ந்தது. இலங்கையில் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீட்டுப் புத்தகம் ஆளுக்கொன்று. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதும் நாடே கொந்தளித்து, தலைமை அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. தமிழ்நாட்டிலோ நியாயவிலைக் கடையின் அடிப்படை குடும்ப அட்டை. அதில் குழந்தைக்கும் கிழவிக்கும் பெயருண்டு. அடுப்பை அலகாகக் கொள்வது தலையை அலகாகக் கொள்வதினும் நேர்மையானது என்று தோன்றும். ஆனால் குடும்பத்தலைவர் பெயரில் அட்டை இருக்கும்போது, அட்டையை வைத்திருப்பவர் கையில் மற்றவர் சோறும் சிக்கிவிடும் இடையூறு அதில் உண்டு. தனியாளுக்குக் கொடுத்தால் பெண்ணுக்கு அவள் பங்கு நேரே கிடைக்கும். உழைக்க இயலாதார் மறக்கப்படுவர். லிங்கியின் வரலாறு முன்னதன் குறையையும் பின்னதன் குறையையும் ஒருங்கே காட்டுகிறது.

லிங்கிப் பகுதியில் ரப்பர் மரங்கள் பெரிதும் மறைந்து எண்ணெய்ப்பனை நிற்கிறது. லயங்களிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் அவற்றின் புறநகர்களுக்கும் பெயர்ந்தன. பிடியரிசிப் பானையை அறிந்த பாட்டிமார் சிலரே. ஆனால் உணவுதவி வேறு உருவில் தொடர்கிறது. மலேசிய அரசின் ரஹ்மா ரொக்க உதவி வீட்டு வருவாயையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்துக் குடும்பத்துக்கு வழங்கப்படுகிறது. 2025-இல் அதனோடு மற்றொன்றும் அறிவிக்கப்பட்டது. 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் 100 ரிங்கிட் வரவு வைக்கப்பட்டு, ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, பதிவுபெற்ற கடைகளில் அரிசி முதலிய அடிப்படைப் பொருள்களுக்கு மட்டும் அது செல்லும் என்று விதிக்கப்பட்டது.

தாய், தந்தை, வேலைக்குப் போகும் மகன், பாட்டி என நால்வர் உள்ள வீட்டுக்கு இதனால் 400 ரிங்கிட். ஒரு கைம்பெண்ணும் பள்ளிக்குச் செல்லும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு 100. உண்ணும் வாய்கள் இரு வீட்டிலும் நான்கே. முன்னாளில் கிராணியின் ஏட்டில் பெயரில்லாத பாட்டிக்கு இப்போது பெயருண்டு. குழந்தையின் பெயர் மட்டும் இன்னும் அந்த ஏட்டில் ஏறவில்லை.